கேட்டால் மட்டும் பேசும் பெட்டி

1754-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திருச்சிராப்பள்ளியைக் காத்து நின்ற ஆங்கிலக் கம்பெனிப் படையின் பெரிய கவலை பீரங்கி அல்ல, அரிசி. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படைத்தலைவர் நஞ்சராஜனும் முகாமிட்டிருந்தார்கள். நீண்ட முற்றுகையில் ஊரைச் சுற்றி விளைச்சல் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கம்பெனிப் படையின் தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸின் ஆட்களுக்குச் சோறு வர இருந்த வழிகள் இரண்டுதான்: தெற்கே புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை, கிழக்கே தஞ்சாவூர். தஞ்சைப் பிரதாபசிங்க மகாராஜாவின் நாட்டிலிருந்து தானியம் வண்டி வண்டியாக மேற்கே நகரும்; அதைக் கூட்டிவர ஒரு படைப்பிரிவு போகும்.

அந்த பிப்ரவரியில் அப்படி வந்த ஒரு வண்டித் தொடரை, திருச்சிக்குக் கிழக்கே மைசூர், மராட்டியக் குதிரைப்படைகளும் பிரெஞ்சுப் படையும் சூழ்ந்துகொண்டன. காவலுக்கு வந்த கம்பெனியின் கிரெனடியர்கள், லாரன்ஸிடம் இருந்தவர்களிலேயே தேர்ந்த வீரர்கள், வெட்டுப்பட்டோ சிறைப்பட்டோ ஏறத்தாழ முற்றிலும் அழிந்தார்கள். தானியம் போயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான். வண்டிகள் எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று காத்திருந்த லாரன்ஸுக்குத் தெரியாது. காத்திருந்த எதிரிக்குத் தெரியும். இராணுவத் தளவாடப் போக்குவரத்தில் தகவலுக்கு எப்போதும் இந்த இரட்டை முகம் உண்டு. ஒரு பலசரக்கு நிறுவனத்துக்குத் தன் லாரி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். ஊருக்கே தெரிந்தாலும் நஷ்டமில்லை. இராணுவத்துக்குத் தெரிய வேண்டும், அதே சமயம் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. பொருள்களைப் பின்தொடரும் சென்சார்கள் பற்றிய பேச்சில் முதல் பாதியைப் பற்றி விற்பனையாளர்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள். இரண்டாவது பாதியை இந்த அத்தியாயம் கொஞ்சம் விரிவாகவே பார்க்கப்போகிறது.

இன்று திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் நெடுஞ்சாலை நாற்கரச் சாலை. சாலையின் ஒரு முனையில், திருச்சிக்கு அருகே, 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் உலோகக் கலவைத் தண்டுகளைச் செய்யும் ஹெச்.ஏ.பி.பி. தொழிற்சாலையும் திருச்சியில்தான். மறுமுனையில் தஞ்சை விமானப்படை நிலையம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அது. 2013 மே மாதம் முழுமையான விமானப்படை நிலையமாக உயர்ந்தது. 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களுடன் 222-ஆம் படைப்பிரிவு அங்கே பணியில் சேர்ந்தது. சுமார் இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையை வயிற்றுக்கடியில் தூக்கிச் செல்லக்கூடிய விமானங்கள். அந்த நிலையத்துக்குள் எந்தப் பெட்டியில் என்ன சென்சார் இருக்கிறது என்பது வெளியில் சொல்லப்படும் சமாசாரம் அல்ல. சொல்லவும் கூடாது.

ஆனால் அதே தொழில்நுட்பத்தின் எளிய வடிவத்தைப் பார்க்க, இரண்டுக்கும் நடுவே வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியில் வண்டியை மெதுவாக்கினால் போதும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக், ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் ரேடியோ அலை அடையாளச் சீட்டு. அதற்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோக ஆன்டெனாவும் எள்ளை விடச் சிறிய சிப்பும் மட்டுமே. தடத்தின் மேலே தொங்கும் ரீடர் ரேடியோ அலையை வீசுகிறது. இந்தியாவில் இதற்கென்று உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் திறந்துவிட்ட 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. டேகின் ஆன்டெனா அந்த அலையிலிருந்தே ஒரு துளி மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பத்து மைக்ரோவாட் அளவு கிடைத்தால் சிப் விழித்துக்கொள்ளும்.

விழித்த சிப் என்ன செய்கிறது என்பதுதான் அழகு. அது சொந்தமாக அலை எதையும் அனுப்புவதில்லை. அனுப்ப அதனிடம் சக்தி ஏது? தன் ஆன்டெனாவின் மின்தடையை மாற்றி மாற்றி, தன்மேல் படும் அலையை ஒரு கணம் அதிகமாகவும் மறு கணம் குறைவாகவும் திருப்பி எதிரொளிக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ரீடர் எண்ணாகப் படித்துக்கொள்கிறது. சில மீட்டர் தூரத்துக்குள், ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான டேகுகளைப் படித்துவிடலாம். கேட்காதபோது அந்தச் சீட்டு வெறும் காகிதம்.

இதையே வெடிமருந்துப் பெட்டியில் ஒட்டினால்? அங்கே சிக்கல் தொடங்குகிறது. 866 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். இரும்புத் தகட்டின்மேல் டேகை நேராக ஒட்டினால், தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் வந்துசேரும் அலையும் தகட்டின் பரப்பிலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிப்புக்கு ஒரு துளி மின்சாரமும் கிடைக்காது. அதனால் உலோகத்துக்கென்றே தனி டேகுகள் செய்கிறார்கள்: நடுவில் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பிளாஸ்டிக்கோ பீங்கானோ வைத்து, உலோகத்தையே ஆன்டெனாவின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளும் வடிவமைப்பு. விலை கூடும்.

காவிரி டெல்டாவின் நெல் மூட்டையில் சிக்கல் வேறு மாதிரி. நேரடி கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகக் கட்டும் நெல்லில் 17 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். அதாவது சிப்பம் ஒன்றில் கிட்டத்தட்ட 7 கிலோ தண்ணீர். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். ஒரே ஒரு சிப்பத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டிய டேக் படிக்கும். லாரியில் பன்னிரண்டு வரிசை உள்ளே அமுங்கிய சிப்பத்தின் டேக் ஊமை. இரும்பு அலையைத் திருப்பி அடிக்கிறது, ஈரநெல் விழுங்கிவிடுகிறது. படைக்கு இன்றியமையாத இரண்டு பண்டங்களும் ரேடியோ அலைக்கு ஒத்துழைக்காத பண்டங்களாக அமைந்துவிட்டன.

எனவே ஒவ்வொரு சிப்பத்துக்கும் டேக் என்று யாரும் இறங்குவதில்லை. நெல்லுக்கு லாரியைப் பின்தொடர்கிறார்கள், ஜி.பி.எஸ். கருவி வைத்து. தஞ்சாவூர் ரயில் நிலையத்திலிருந்து மற்ற மாவட்டங்களின் அரவைக்கு நெல் ஏற்றிப்போகும் சரக்கு ரயிலில் 42 பெட்டிகள்; அதைப் பின்தொடர ரயில்வேயிடம் சொந்தக் கணினி அமைப்பே இருக்கிறது. எந்த அளவில் எண்ணுவது, சிப்பமா, லாரியா, ரயிலா என்று முடிவு செய்வதில்தான் இந்தத் துறையின் பாதி சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது. அரிசியில் ஒரு மூட்டை குறைந்தால் நிர்வாகச் சிக்கல். ஏவுகணையில் ஒன்று குறைந்தால் தேசியச் சிக்கல். டேகின் விலையும் அதற்கேற்பக் கூடலாம்.

இந்தக் கணக்கை உலகத்துக்கு வலிக்க வலிக்கக் கற்றுக்கொடுத்தது 1991 வளைகுடாப் போர். அமெரிக்கா ஏறத்தாழ 40,000 கன்டெய்னர்களைச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பியது. வந்து இறங்கியபின் அவற்றில் பாதிக்கு மேல், சுமார் 25,000-ஐ, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் துறைமுகத்திலேயே திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கேட்ட பொருள் வரவில்லை என்று பிரிவுகள் மீண்டும் மீண்டும் கேட்டன. ஒரே பொருள் மூன்று முறை வந்தது. பாலைவனத்தில் குவிந்த அந்தக் கன்டெய்னர்களை அவர்களே 'இரும்பு மலைகள்' என்றார்கள்.

அதன் பிறகு கன்டெய்னர்களில் ஏறியவை ஃபாஸ்டேக் ரகமல்ல. பேட்டரி உள்ளவை, 433 மெகாஹெர்ட்ஸில் தாங்களே பேசுபவை, நூறு மீட்டர் தூரத்துக்குக் கேட்பவை. துறைமுகம், விமானத்தளம், சாலைச் சந்திப்பு என்று ரீடர்களை நட்டார்கள். 2003-இல் ஈராக் போர் வந்தது. முன்னேற்றம் தெரிந்தது என்பது உண்மை. ஆனாலும் அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணக்குப் பார்த்தபோது, இராணுவத்துக்கு அனுப்பியதாகப் பதிவான சரக்குக்கும் பெற்றுக்கொண்டதாகப் பதிவான சரக்குக்கும் இடையே 120 கோடி டாலர் இடைவெளி இருந்தது. டேக் ஒட்டாத பெட்டிகள், ஒட்டியும் தகவல் ஏற்றாதவை, ரீடரை இயக்கத் தெரியாத ஆட்கள், ஒன்றோடொன்று பேசாத கணினிகள். அனுப்பும் முனையில் ஒட்டுவது ஓர் உத்தரவு போட்டால் நடந்துவிடும். வாங்கும் முனையில், குண்டு விழும் இடத்தில், 'வந்துசேர்ந்தது' என்று பதியும் ஆள் வேண்டும்.

எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் பெரிய கேள்வி இதுதான்.

துப்பாக்கி, பீரங்கி ரவைகளில் உந்துமருந்தாக இருப்பது நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சுக்கு நைட்ரிக் அமிலம் கொடுத்துச் செய்யும் பொருள் அது. பெட்டியில் சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லச் சிதையும். சிதையும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். அதைத் தடுக்க டைபீனைலமீன் போன்ற நிலைப்படுத்தியைச் சிறிதளவு கலந்துவைக்கிறார்கள். நிலைப்படுத்தி தீரும்வரை பாதுகாப்பு. தீர்ந்துவிட்டால் மருந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம். அது எவ்வளவு வேகமாகத் தீரும் என்பதை வெப்பம் முடிவு செய்கிறது. பத்து டிகிரி கூடினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்று குளிர்ந்த கிடங்கிலும் மற்றொன்று மே மாதத் தஞ்சாவூர்த் தகரக் கூரையின் கீழும் இருந்தால், பத்தாண்டு கழித்து இரண்டின் வயதும் ஒன்றல்ல. லேபிளில் அச்சிட்ட காலாவதித் தேதி இரண்டுக்கும் ஒன்றே. விலை குறைவான ஒரு வெப்பச் சென்சார், மணிக்கொரு முறை ஓர் எண்ணைத் தன் நினைவில் எழுதிவைத்தால், எந்தப் பெட்டியை முதலில் எடுத்துச் சுட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஏவுகணைக்கென்றால் இதோடு ஈரப்பதமும் அதிர்வும் சேரும்: ரப்பர் வளையம் இறுகியதா, திண்ம எரிபொருளில் விரிசல் விட்டதா என்பதெல்லாம் அது எவ்வளவு வெப்பம் பட்டது, லாரியில் எத்தனை குலுங்கு குலுங்கியது என்பதைப் பொறுத்தது.

நெல்லுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியின் கிண்ணத்தில் போடுகிறார்கள். தண்ணீரின் மின்தன்மை உலர்ந்த தானியத்தினுடையதிலிருந்து வெகுவாக வேறுபடுவதால், கருவி அந்த வேறுபாட்டை அளந்து சதவீதமாகக் காட்டுகிறது. அந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான் எத்தனை சண்டை! விவசாயிக்கு அது வாழ்வா சாவா. பட்டியல் எழுத்தருக்கு அது வேலைக்கு ஆபத்து. ஈரம் கூடிய நெல் குவியலுக்குள்ளேயே மூச்சுவிட்டுச் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், பிறகு முளைக்கும்.

2025 அக்டோபரில் டெல்டாவில் குறுவை நெல் அப்படித்தான் முளைத்தது. கொள்முதல் நிலைய வாசல்களில் மூட்டைகள் அடுக்கியபடி கிடந்தன, சாலையோரங்களில் நெல் கொட்டிக் கிடந்தது, மேலே மழை. ஈரப்பத வரம்பை 22 சதவீதமாகத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை போனது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்தது. நெல் எங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. செய்தித்தாளில் படமே வந்தது. லாரியும் கிடங்கில் இடமும்தான் உடனே கிடைக்கவில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் சென்சார் இருந்திருந்தால், நெல் முளைப்பதை மணிவாரியாகத் திரையில் பார்த்திருக்கலாம்.

இராணுவத்திலும் இதே கதை உண்டு. நாக்பூருக்குப் பக்கத்தில் வார்தா மாவட்டத்தில் இருக்கும் புல்காவ், நாட்டின் மிகப் பெரிய வெடிமருந்துக் கிடங்கு. 2016 மே 31 அதிகாலையில் அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்து வெடித்தது; அதிகாரிகள் உட்படப் பலர் இறந்தார்கள். கொட்டகையில் இருந்தவை குறைபாடுள்ளவை என்று ஏற்கெனவே ஒதுக்கிய டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகள். டி.என்.டி. கசிந்துகொண்டிருந்தது முன்பே தெரிந்த விஷயம்.

அடுத்த ஆண்டு வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எதிர்ப்பக்கத்துச் சிக்கலைச் சொன்னது. 2016 செப்டம்பர் நிலவரப்படி, இராணுவத்தின் 152 வகை வெடிமருந்துகளில் 61 வகை, தீவிரப் போரில் பத்து நாளுக்குக்கூடப் போதாது. கையில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு சுடத் தகுந்தது என்ற கேள்வி அதன்பின் சும்மா இருக்கவில்லை.

பதிலின் ஒரு பகுதி 2022 செப்டம்பரில் வந்தது. புனேயின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து 5.56 மி.மீ. தோட்டாக்கள் மூன்று லாரிகளில் ஆர்.எஃப்.ஐ.டி. டேகுகளோடு புல்காவுக்குப் புறப்பட்டன. இந்திய இராணுவத்தில் டேக் ஒட்டி வந்த முதல் வெடிமருந்துச் சரக்கு அதுதான். ஒட்டியது முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட். 2021 அக்டோபரில் பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது பிறந்த நிறுவனம். திருச்சியின் ஹெச்.ஏ.பி.பி. தொழிற்சாலையும் அதே நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது.

இப்படிப்பட்ட பெட்டிக்கு இயல்பான தேர்வு, பேட்டரி இல்லாத, கேட்டால் மட்டும் பேசும் டேக். காசு மிச்சம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் பார்வையில் அதைவிடப் பெரிய நன்மை மௌனம்.

2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, தன் பயனர்கள் உலகெங்கும் ஓடிய தடங்களை ஒரே வரைபடத்தில் ஒளிரவிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் கவனித்தார்: ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருண்ட பாலைவனத்தின் நடுவே தனித்தனியாகச் சில கோடுகள் மின்னின. இராணுவ முகாம்களின் வேலியோரம் காலையில் ஓடிய வீரர்களின் கைப்பட்டைகள். யாரும் எதையும் திருடவில்லை. சென்சார்கள் தங்கள் வேலையைச் செய்தன.

ஜி.பி.எஸ். பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஜி.பி.எஸ். ஆனாலும் நம் நாட்டின் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் ஆனாலும், அதைக் கேட்கும் கருவி எதையும் வெளியிடுவதில்லை. செயற்கைக்கோள் பேசுகிறது, கருவி கேட்டுக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். காட்டிக்கொடுப்பது அடுத்த படி: அந்த இடத்தைத் தலைமையகத்துக்குச் சொல்ல செல்போன் வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ கருவி வாய் திறக்கும் அந்தக் கணம். இரண்டு மூன்று இடங்களில் ஆன்டெனா வைத்துத் திசை பார்ப்பவனுக்கு, உள்ளே என்ன பேசுகிறது என்று புரிய வேண்டிய அவசியமில்லை. எங்கிருந்து பேசுகிறது என்று தெரிந்தால் பீரங்கியைத் திருப்பலாம். ஆகவே இராணுவத்துக்கு உகந்த சென்சார், வழியெல்லாம் அளந்து தன் நினைவில் எழுதிக்கொண்டு, நம் வாசலில் நம் ரீடர் கேட்டபின் மொத்தத்தையும் ஒப்பிப்பது. தலைமையகத்தின் திரையில் அந்த லாரி சில மணி நேரம் காணாமல் போகும். இரண்டு வாசல்களுக்கு நடுவே அது எங்கே என்று எவருக்கும் தெரியாது. வணிக நிறுவனத்தில் இதைக் குறை என்பார்கள்.

கேட்டால் பேசும் டேகுக்கும் ஒரு பலவீனம்: யார் கேட்டாலும் பேசிவிடும். சாதாரண வகையில் கேட்பவன் யார் என்று சோதிக்க அதற்குத் தெரியாது. ஆனால் அது சொல்வது ஒரு நீண்ட எண்ணை மட்டும். அந்த எண் தோட்டாவா துடைப்பமா என்பது இராணுவத்தின் தனிவலையில் இருக்கும் சரக்குக் கணினிக்குத்தான் தெரியும். எதிரியின் ரீடருக்குப் பொருள் புரியாது, எண்ணிக்கை புரியும். இந்த வாசல் வழியாக நேற்று ஐம்பது, இன்று இரண்டாயிரம் என்பதே ஓர் உளவுத் தகவல். அதோடு, டேக் தன்னைப் பற்றித்தான் சாட்சி சொல்லும், பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி அல்ல. 2024 செப்டம்பரில் லெபனானில் வெடித்த பேஜர்கள், உள்ளே வெடிமருந்து மறைந்திருந்தும், பார்வைக்கு முறையாக விற்று, முறையாகக் கை மாறி வந்தவைதான்.

வெடிமருந்துக்கு மட்டும் உரிய இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டருக்குள் தலைமுடி போன்ற ஒரு கம்பி. மின்னோட்டம் பாய்ந்தால் சூடேறி வெடியைத் தூண்டும். அதிலிருந்து வெளியே வரும் இரண்டு ஒயர்கள், யாரும் விரும்பாமலே ஆன்டெனா ஆகிவிடக்கூடும். டேகை எழுப்ப ரீடர் வீசும் அலை அந்தக் கம்பியையும் எழுப்பிவிடக் கூடாது. எனவே எவ்வளவு சக்தியுள்ள ரீடர், எந்த வகை வெடிமருந்திலிருந்து எத்தனை தூரத்தில் நிற்கலாம் என்பதைச் சோதித்து விதி வகுத்த பிறகே கிடங்குக்குள் கருவி நுழையும். பெட்டியை மூடி, ஒயர் முனைகளை முறுக்கி இணைத்து வைத்தால் அபாயம் வெகுவாகக் குறையும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது கடைசிக் கட்டம்: கிடங்கிலிருந்து படைப்பிரிவுக்கு, அங்கிருந்து காவல் முனைக்கு. ரீடர் நட அங்கே வாசலே இருக்காது, பல இடங்களில் மின்சாரமும் இருக்காது. ஒரு ஸ்டோர்மேன், கையடக்க ரீடர், சார்ஜ் இருந்தால். பெட்டியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்த கணமே டேகுக்கும் தோட்டாவுக்கும் உறவு முறிகிறது. காலிப் பெட்டி திரும்பி வரும்; டேக் இன்னும் அதன்மேல் ஒட்டியிருக்கும்; கிடங்கின் வாசல் ரீடர் அதையும் ஒரு முழுப் பெட்டியாக வரவேற்று, இருப்பில் ஆயிரக்கணக்கான தோட்டாக்களைக் கூட்டிக்கொள்ளும். அதனால் காலிப் பெட்டிகளை வேறு வாசல் வழியாக உள்ளே விடுவதா, சுட்ட இடத்திலேயே டேகைக் கிழித்து எண்ணிக் கணக்கில் சேர்ப்பதா, அல்லது எடை போட்டுப் பார்த்து முழுசா காலியா என்று கணினியே முடிவு செய்வதா என்பதை, ஒவ்வொரு கிடங்கும் தன் நடைமுறையில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.